சைன் தீட்டா எங்கே போச்சு?

சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளில் ஒரு வரி அடிக்கடி வரும்: மருந்தில் உராய்வு ஏற்பட்டு வெடித்ததாகக் கூறப்படுகிறது. ஊர்ப்பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், அந்த வரி மட்டும் மாறாது. அதே 'உராய்வு'தான் நம்ம ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் புத்தகத்திலும் இருக்கு. அங்கே அது மேஜை மேல் போகிற மரக்கட்டையைப் பிடித்து இழுக்கிற சாதுவான விஷயம். மியூ இன்டு நார்மல் ரியாக்ஷன்னு எழுதி ரெண்டு மார்க் வாங்கிட்டு வந்துட்டோம்.

பேப்பரில் வர்ற உராய்வும் புத்தகத்தில் இருக்கிற உராய்வும் ஒன்னேதான். ரெண்டையும் இணைக்கிற பாலம் நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணின ஒரு ஃபார்முலா: வேலை = விசை × தூரம் × காஸ் தீட்டா. சாய்வா இழுத்தா எவ்வளவு வேலை? காஸ் போடு, முடிஞ்சது. மிச்சம் இருக்கிற சைன் தீட்டா பக்கத்தை, 'அது வேலை செய்யாது'ன்னு ஒரே கோட்டில் அடிச்சிடுவோம். கணக்குப்படி அடிச்சது சரிதான். ஆனா பட்டாசு ஊரில் ஆளைக் காப்பாத்துறதும் கவிழ்க்கிறதும் பெரும்பாலும் அந்த அடிச்ச பாதிதான்.

முதல்ல காஸ்

ஒரு பெட்டியைக் கயிறு கட்டி இழுக்கிறீங்க. பெட்டி தரையோடு போகுது, கயிறு சாய்வா மேலே உங்க கைக்கு வருது. உங்க இழுப்பில் ஒரு பங்கு பெட்டியை முன்னாடி கொண்டுபோகப் பார்க்குது, இன்னொரு பங்கு அதை மேலே தூக்கப் பார்க்குது. பெட்டி நகர்ந்தது முன்னாடி மட்டும்தான். அதனால் முன்னாடி பார்த்த பங்குக்குத்தான் வேலைக் கணக்கில் இடம். அந்தப் பங்கின் பேர்தான் விசை × காஸ் தீட்டா.

தீட்டா எதுக்கும் எதுக்கும் நடுவில் இருக்கிற கோணம் என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குவாங்க. விசையின் திசைக்கும், பொருள் நகர்ந்த திசைக்கும் நடுவில் இருக்கிற கோணம் அது. கைப்பிடி 'செங்குத்தோடு 30° சாய்ந்திருக்கிறது' என்று கேள்வித்தாளில் இருந்தால், கிடையாக நகரும் வண்டிக்குத் தீட்டா 60°. எண்ணைப் பார்த்ததும் காஸ் 30 போட்டால் வேலை 0.5 மடங்குக்குப் பதிலா 0.87 மடங்குன்னு வந்து நிற்கும். செமஸ்டர் பேப்பரில் இந்த மாதிரி வலை விரிக்கிறதில் ஒரு சந்தோஷம் இருக்கு போல.

இன்னொரு விஷயம், காஸ் ஆரம்பத்தில் ரொம்ப சோம்பேறி. 10° சாய்ந்தால் நஷ்டம் ஒன்றரை சதவீதம்தான். 30° சாய்ந்தால் 13 சதவீதம். 60° போனால்தான் பாதி போகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுக்கும்போது வடம் தேரில் இருந்து ஜனங்க கை வரைக்கும் எவ்வளவு சாய்ந்திருக்குன்னு யாரும் கவலைப்படறதில்லை, படவும் வேண்டாம். அந்தச் சின்னச் சாய்வில் காஸ் ஒன்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வடம் அவ்வளவு நீளமா இருக்கிறது கோணத்தைக் குறைக்க இல்லை, அத்தனை பேர் கை வைக்க இடம் வேணும். எல்லாத்தையும் இன்ஜினியரிங்கா மாத்த வேண்டியதில்லை.

அடிச்ச பாதி

இப்போ சைன் பக்கம் வருவோம். கணக்குக்கு ஒரு பெட்டி எடுத்துக்கலாம். 30 கிலோ, தரைக்கும் பெட்டிக்கும் நடுவில் மியூ 0.4, இழுக்க வேண்டிய தூரம் 10 மீட்டர். எடை 30 × 9.8 = 294 நியூட்டன். எண்கள் எல்லாம் நான் வைத்துக்கொண்டவை. உங்க வீட்டுப் பெட்டிக்கும் தரைக்கும் வேற மாதிரி வரும், கதை அதேதான்.

கிடையா இழுத்தால் தேவைப்படும் விசை 0.4 × 294 = 117.6 நியூட்டன். பத்து மீட்டருக்கு வேலை 1176 ஜூல். பெட்டி மெதுவா, ஒரே வேகத்தில் போகுதுன்னு வைங்க. அப்போ இந்த 1176 ஜூலும் பெட்டியின் வேகத்துக்குப் போகலை, உயரத்துக்கும் போகலை. அப்படியே தரையிலும் பெட்டியின் அடியிலும் சூடாகப் போச்சு.

அடுத்து, கயிற்றை 45° சாய்த்து இழுங்க. இப்போ சைன் பங்கு பெட்டியை லேசா தூக்கிப் பிடிக்குது. தரை தாங்க வேண்டிய பாரம் குறையுது, அதனால் உராய்வும் குறையுது. சமன்பாடு போட்டால் தேவையான விசை 118.8 நியூட்டன் வரும். கிடையா இழுத்ததைவிட ஒரு நியூட்டன்தான் ஜாஸ்தி, கைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா வேலை? 118.8 × 10 × 0.707 = 840 ஜூல்.

இங்கே கொஞ்சம் நிக்கலாம். அதே பெட்டி, அதே தூரம், கிட்டத்தட்ட அதே விசை. தரையில் உண்டான சூடு மட்டும் 336 ஜூல் கம்மி. காஸ் குறைஞ்சதால் ஏதோ ஆற்றல் வீணாப்போச்சுன்னு இதைப் புரிஞ்சுக்கக் கூடாது. தரை கேட்டதே கம்மி, அதனால் கொடுத்ததும் கம்மி. தரை கேட்டதைக் குறைச்சது 'வேலை செய்யாத' சைன் பங்கு.

பொதுவா எழுதினால் இப்படி வரும்: இழுக்கும் வேலை = மியூ × எடை × தூரம் ÷ (1 + மியூ × டேன் தீட்டா). ரெண்டு வரியில் நீங்களே வரவழைக்கலாம். கிடையான பங்கை உராய்வுக்குச் சமமா வைங்க, உராய்வில் நார்மல் ரியாக்ஷனுக்குப் பதிலா எடையில் இருந்து விசை × சைன் தீட்டாவைக் கழிச்சு வைங்க, அவ்வளவுதான். 20° போட்டால் 1027 ஜூல். 60° போட்டால் 695 ஜூல்.

இதுக்கு நேர் எதிரா ஒன்னு செய்வோம். கயிறு இல்லை, பெட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு நின்னு, 30° கீழ்நோக்கித் தள்ளுறோம். குடோன்களில் பெரும்பாலும் கை இப்படித்தான் போகும், ஏன்னா பெட்டி நம்ம இடுப்புக்குக் கீழே இருக்கும். இப்போ சைன் பங்கு பெட்டியைத் தரையோடு சேர்த்து அமுக்குது. விசை 176.6 நியூட்டன் ஆகிடும், வேலை 1529 ஜூல் ஆகிடும். 45° மேல்நோக்கி இழுத்ததோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூடு. பெட்டி போய்ச் சேர்ந்த இடம் ஒன்னுதான்.

90 டிகிரியில் என்ன இருக்கு

அந்த ஃபார்முலாவில் தீட்டாவை மெதுவா ஏத்திக்கிட்டே போங்க. 70°, 80°, 85°. டேன் வீங்கிக்கிட்டே போகும், வேலை சுருங்கிக்கிட்டே வரும். 90°-இல் வேலை பூஜ்யம், தேவையான விசை 294 நியூட்டன். அது பெட்டியின் முழு எடை. அதாவது பெட்டியைத் தூக்கிட்டீங்க.

எனக்கு இந்தக் கணக்கில் பிடிச்ச இடம் இது. 'தலையில் சுமை வைத்துக்கொண்டு கிடையாக நடந்தால் செய்யும் வேலை பூஜ்யம்'னு புத்தகத்தில் ஒரு கேள்வி வரும். சொல்றவங்களுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி சொல்லுவாங்க, கேக்கிறவங்க சிரிப்பாங்க. அது ஏதோ தனியா நிக்கிற விடுகதை இல்லை. இழுக்கிற கோட்டின் கடைசிப் புள்ளி அது. தரையோடு இழுக்கிறதில் ஆரம்பிச்சு, சாய்ச்சு, இன்னும் சாய்ச்சு, கடைசியில் தூக்கிச் சுமக்கிறது வரைக்கும் ஒரே வளைகோடு. அந்த முனையில் உராய்வுச் சூடும் பூஜ்யம்.

அதுக்காகச் சுமக்கிறவங்க சும்மா நடக்கிறாங்கன்னு அர்த்தமில்லை. பெட்டியைத் தரையில் இருந்து 1.2 மீட்டர் தூக்கும்போது 353 ஜூல் வேலை நடக்குது, இறக்கி வைக்கும்போது அது கழியுது. நடுவில் நடக்கும்போது பெட்டியின் மேல் வேலை எதுவும் இல்லைன்னாலும் தசை சும்மா இருக்காது. பாரத்தைப் பிடிச்சு நிக்கிறதுக்கே தசைநார்கள் விடாமல் இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும், அதுக்குச் சாப்பாட்டில் வந்த சக்தி செலவாகும். அந்தச் செலவு உடம்பில் சூடாகும், வியர்வையாகும். பெட்டியின் கணக்கில் வராது. லோடுமேனிடம் போய் 'அண்ணே, நீங்க செஞ்சது பூஜ்யம் வேலை'ன்னு சொல்லிக் கூலியில் கை வைக்க இந்த ஃபார்முலா உதவாது.

ஆனா பெட்டிக்குள் பட்டாசு இருந்தால், அந்தப் பூஜ்யத்துக்கு விலை உண்டு. வெடிபொருள் சட்டம் 1884-ஆம் வருஷத்தது. அதன்கீழ் இப்போ நடப்பில் இருப்பவை 2008-ஆம் வருஷத்து விதிகள். பொதிகளை எறியக் கூடாது, கீழே போடக் கூடாது, தரையில் உருட்டக் கூடாது, இழுக்கவும் கூடாது, கைக்குக் கை கொடுத்து மெதுவா இறக்கி வைக்கணும் என்பது அதன் சாரம். படிக்கும்போது ஏதோ 'கவனமாக இருக்கவும்' வகை அறிவுரை மாதிரி தெரியும். நம்ம வளைகோட்டை வைத்துப் பாருங்க. 'இழுக்காதே' என்பது அந்தக் கோட்டில் 1529, 1176, 840 எல்லாத்தையும் வெட்டிவிட்டு 90° முனையில் மட்டும் நில்லுன்னு சொல்றது. 'கீழே போடாதே' என்பது தூக்கின 353 ஜூல் ஒரே நொடியில் திரும்பி வராமல் பார்த்துக்கோன்னு சொல்றது. சுமக்கிறதிலும் ஆபத்து இருக்கு, கை நழுவலாம். அதனால்தான் ஒரே ஆள் தூரம் நடக்கிறதைவிட, கைக்குக் கை.

15,000 தீக்குச்சி

சரி, 1176 ஜூல் சூடு பெரிய விஷயமா? ஒரு லிட்டர் தண்ணியில் கொட்டினால் கால் டிகிரிக்குக் கொஞ்சம் மேலே ஏறும், டீ போட முடியாது. பத்து மீட்டர் தரையில் பரவிக் கிடக்கிற சூடு யாரையும் ஒன்னும் பண்ணாது.

இப்போ ஒரு தீக்குச்சி எடுங்க. சிவகாசிக்கு இது புதுசில்லை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்ச கதையை ஊரில் எல்லாரும் சொல்லுவாங்க. பட்டாசு அதுக்கு அப்புறம் வந்தது. இன்னைக்கும் எங்க பக்கம் ஆலைன்னு சொல்லாமல் 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பட்டாசு ஆபீஸ்'னுதான் சொல்லுவாங்க.

குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். ரெண்டும் தனித்தனியா இருக்கிறவரை சமத்து. உரசும்போது கொஞ்சூண்டு இடம் சூடாகி, அந்த இடத்துச் சிவப்பு பாஸ்பரஸ் கணநேரம் வெள்ளை பாஸ்பரஸா மாறி, குளோரேட்டோடு சேர்ந்து பத்திக்குது. அந்த உரசலில் எவ்வளவு வேலை? உராய்வு விசை 2 நியூட்டன், உரசுற தூரம் 4 சென்டிமீட்டர்னு வைத்தால் 0.08 ஜூல். நம்ம பெட்டியை இழுத்த 1176 ஜூலில் கிட்டத்தட்ட 15,000 குச்சி உரசலாம்.

தண்ணியைக் கால் டிகிரி சூடாக்கத் திணறுற ஆற்றலில் 15,000 தீக்குச்சி! எத்தனை ஜூல் என்பதைவிட, அது எவ்வளவு சின்ன இடத்தில் வந்து இறங்குது என்பதுதான் விஷயம். பெட்டி வழுவழுப்பான தரையில் போகும்போது ஒன்னும் இல்லை. அடியில் ஒரு மணல் துகள் மாட்டி, பக்கத்தில் சிந்தின மருந்துத் தூள் ரெண்டு சிட்டிகை இருந்தால், பாரத்தில் பெரும்பங்கு அந்தத் துகள் மேல் விழலாம். பத்து மீட்டருக்குப் பரவ வேண்டிய சூடு ஒரு முனையில் குவியும். இழுக்காதேன்னு எழுதினவங்க பயந்தது சராசரிச் சூட்டுக்கு இல்லை, இந்தத் துகளுக்கு. ஆலைகளில் தரையைக் கூட்டித் துடைச்சு வைக்கச் சொல்றதும், வேலை செய்யுற இடத்தில் ரப்பர் விரிப்பு போடச் சொல்றதும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். ரப்பருக்கு நிலைமின்சாரம் சம்பந்தமான வேலையும் இருக்கு, அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தீக்குச்சியில் இன்னொரு வேடிக்கை. குச்சியைப் பெட்டிக்கு நேர் செங்குத்தா அமுக்கினால் தீ வராது. அமுக்குற திசையில் நகர்ச்சி இல்லை, வேலை பூஜ்யம். சும்மா தொட்டும் தொடாமலும் தடவினாலும் தீ வராது. நகர்ச்சி இருக்கு, ஆனா அழுத்தம் இல்லாததால் உராய்வு இல்லை. பத்தணும்னா ரெண்டும் வேணும், அதாவது விசை சாய்வா இருக்கணும். மியூ 0.6-ன்னு வைத்துப் போட்டால், விசை பெட்டியின் பரப்போடு 59°-க்கு மேல் போகும்போது குச்சி நகராது, இறுகி நின்னு ஒடியும். அதைவிட ரொம்பப் படுக்கையாத் தள்ளினால் அழுத்தம் போதாமல் வழுக்கிப் போகும். சின்னப் பசங்க முதல்தடவை தீக்குச்சி கிழிக்கும்போது பத்துக் குச்சி ஒடிக்கிறது இதனால்தான். கை அந்தக் கோணத்தைத் தேடிக் கண்டுபிடிக்குது.

பெட்டி இழுக்கிறதிலும் குச்சி கிழிக்கிறதிலும் கதை ஒன்னுதான். செங்குத்துப் பங்கு தன் பேரில் ஒரு ஜூல்கூட வேலை செய்யாது. உராய்வு எத்தனை ஜூல் வேலை செய்யணும் என்பதை அதுதான் முடிவு பண்ணுது.

உலகமே அளக்கிறது அந்தப் பாதியை

இதை நான் மட்டும் சொல்லலை. வெடிமருந்து உரசலுக்கு எவ்வளவு சீக்கிரம் பத்தும்னு அளக்க பெர்லினில் இருக்கிற பாம் என்கிற பொருளாய்வு நிறுவனத்தின் பேரில் ஒரு சோதனை இருக்கு, உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க. சொரசொரப்பான பீங்கான் தகட்டில் சிட்டிகை மருந்து வைப்பாங்க. அதுமேல் பீங்கான் முளை ஒன்னு வந்து அழுத்தி நிக்கும். தகடு 10 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகரும். முளை மேல் இருக்கிற பாரத்தை மாத்தி மாத்திப் பார்த்து, எந்தப் பாரத்தில் மருந்து முதலில் வெடிக்குதுன்னு எழுதுவாங்க.

முடிவு எந்த அலகில் வரும்னு நினைக்கிறீங்க? ஜூலில் வராது. நியூட்டனில் வரும். அந்த நியூட்டன் முளையின் செங்குத்துப் பாரம். நாம கோடு போட்டு அடிச்ச, வேலையே செய்யாத பங்கு! நகர்ச்சி எப்பவும் அதே 10 மில்லிமீட்டர் என்பதால், பாரத்தைச் சொன்னாலே போதும், உராய்வு வேலை அதைத் தொடர்ந்து வரும். ஐக்கிய நாடுகளின் சரக்குப் போக்குவரத்துச் சோதனைக் கையேட்டில், 80 நியூட்டனுக்குக் கீழே வெடிக்கிற பொருளை, சோதிச்ச அந்த வடிவத்தில், வண்டியில் ஏத்தவே ஆபத்தானதுன்னு வகைப்படுத்துறாங்க. 80 நியூட்டன்னா சுமார் 8 கிலோ அரிசிப் பையின் பாரம், ஒரு சின்ன முனை மேல். மியூ 0.5-ன்னு வைத்தால் ஒரு பக்க நகர்ச்சிக்கு 0.4 ஜூல். அஞ்சு தீக்குச்சி.

எந்த மருந்து என்பதைப் பொறுத்து இந்த எண் பயங்கரமா மாறும். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் லேசான உரசலே போதும். பட்டாசில் அந்தச் சேர்க்கைக்கு இந்தியாவில் 1992-இலேயே தடை வந்துவிட்டது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த பழைய கரிமருந்து அதோடு ஒப்பிட்டால் ரொம்பப் பொறுமைசாலி. ஃபார்முலாவில் மருந்தின் பேர் எங்கேயும் வராது. அது எத்தனை ஜூல்னு மட்டும் சொல்லும். அத்தனை ஜூலைத் தாங்குமா என்பது வேதியியல்காரங்களின் பதில்.

கை சாய்ந்தால்

இப்போ ஒரு காகிதக் குழாய்க்குள் மருந்தைப் போட்டு, குச்சியால் அழுத்தி இறுக்குறதைக் கற்பனை பண்ணுங்க. ராக்கெட், புஸ்வாணம் மாதிரி ரகங்களில் மருந்து இறுக்கமா இருக்கணும். குச்சி குழாயோடு நேரா இருந்தால், கையின் விசை முழுக்கக் கீழே போகும், குழாயின் சுவரைக் குச்சி அழுத்தாது. கை அசந்து 10° சாய்ந்ததுன்னு வைங்க. 100 நியூட்டன் அழுத்தத்தில் கீழே போகிறது 98.5 நியூட்டன். வேலையில் ஒன்றரை சதவீதம்தான் குறையுது, செய்யுறவங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மருந்து அதே மாதிரி இறுகும்.

அடிச்ச பாதியைப் பாருங்க. 100 × சைன் 10° = 17.4 நியூட்டன் சுவரை அழுத்துது. மியூ 0.3, நகர்ச்சி 2 சென்டிமீட்டர்னு வைத்தால், சுவரில் நடந்த உராய்வு வேலை 0.1 ஜூல். ஒரு தீக்குச்சி உரசலைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. அதுவும் ஒரு அழுத்துக்கு. ஒரு நாளில் எத்தனை குழாய், ஒரு குழாய்க்கு எத்தனை அழுத்து?

காஸ் 10° நம்மை ஏமாத்துறது இங்கேதான். 0.985-ஐப் பார்த்து 'ஒன்னும் இல்லை'ன்னு நினைப்போம், தேரில் நினைச்ச மாதிரி. அதே 10°-க்கு சைன் 0.17. பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிச்ச ஒன்னு அதுக்குள்ளே ஆறில் ஒரு பங்கு ஆகிடுச்சு. சின்னக் கோணத்தில் காஸ் சோம்பேறி, சைன் அவசரக்காரன். குழாய்க்குள் மருந்து இல்லைன்னா இந்த 17 நியூட்டன் யாருக்கும் தேவையில்லாத எண். மருந்து இருக்கிறதால், குச்சி மரத்திலோ பித்தளையிலோ இருக்கணும், இரும்பு கூடாது, ஓங்கி அடிக்கக் கூடாதுன்னு அத்தனை கட்டுப்பாடு.

எல்லா விபத்தும் உரசலால் வர்றதில்லை. நிலைமின்சாரம், வெயில், ஈரம் பட்டுத் தானாச் சூடேறுகிற அலுமினியப் பவுடர் கலவை, அளவுக்கு மேல் ஆட்களையும் மருந்தையும் ஒரே அறையில் அடைக்கிறதுன்னு பட்டியல் நீளம். 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தாங்க. 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்குக் குறையாமல் இறந்தாங்க. அவ்வளவு பெரிய எண்ணிக்கைக்கு ஒரு பொறி மட்டும் போதாது, அந்தப் பொறியைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாங்க, எவ்வளவு மருந்து குவிஞ்சு கிடந்தது என்பதும் சேரணும். அதுக்கு ஃபார்முலா கிடையாது, உரிமம் கொடுக்கிறவங்களும் நடத்துறவங்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். உராய்வுன்னு ஒரு வார்த்தை எழுதினதும் ஏதோ இயற்கைச் சீற்றம் மாதிரி ஆகி, கேள்வி அங்கேயே நின்னுடுது என்பதுதான் எனக்கு உறுத்தல். எதன் மேல் எது உரசியது, என்ன பாரத்தில், என்ன கோணத்தில்? இது எல்லாமே அளக்கக் கூடிய எண்கள்.

மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு ஒன்னு. கட்டுரையில் நான் வைத்த மியூ 0.4 சும்மா வைத்தது. பட்டாசு கேஸ் வர்ற மாதிரியான காலி அட்டைப்பெட்டி ஒன்னு எடுத்து 10 கிலோ மணல் போட்டு ஒட்டுங்க. ஒரு பலகையில் ரப்பர் விரிப்பு, இன்னொன்னில் சிமென்ட் பூச்சு, மூணாவதில் வழுவழுப்பான டைல்ஸ். பெட்டியை மேலே வைத்துப் பலகையை மெதுவா ஒரு பக்கம் தூக்குங்க. எந்தக் கோணத்தில் பெட்டி சறுக்க ஆரம்பிக்குதோ, அந்தக் கோணத்தின் டேன்தான் மியூ. இது நிலை உராய்வுக்கான எண், நகரும்போது கொஞ்சம் குறையும். அதைப் பிடிக்க ஸ்பிரிங் தராசு மாட்டி 0°, 20°, 45°, 60°-இல் ஒரே வேகத்தில் இழுத்து, விசையை எழுதிக்கோங்க. காஸ் போட்டு வேலையைக் கணக்கிட்டு, கோணத்துக்கு எதிரா வரைபடம் போடுங்க. அடுத்து பெட்டிக்கு அடியில் நாலு மணல் துகளைத் தூவிட்டு, அதே சோதனையை இன்னொரு தடவை செய்யுங்க. மணல் போட்ட பெட்டி போதும், மருந்துப் பக்கம் போக வேண்டாம்.